டெஸ்க்கில் உட்கார்ந்தால் கொழும்பு தூரமாகிவிடுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன், வயது 25. கொழும்பு போன்ற ஊரில் வெளிநாட்டு நிருபராகி, பிறகு ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. இப்போது திருநெல்வேலிப் பதிப்பில் உதவி ஆசிரியர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். செய்தியைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றும் டெஸ்க்கில் உட்கார்ந்தால் அங்கேயே முடங்கிவிடுவேனோ என்று பயம். அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: போய்ச் சேருங்கள் தம்பி.

வெளிநாட்டில் நிருபர் வைத்திருக்கிற இந்தியப் பத்திரிகைகள் கொஞ்சம்தான். தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் பிடிஐ போன்ற செய்தி ஏஜென்சிகள் தருகிற செய்தியைத்தான் போடுகின்றன. 2014 மே மாதம் 'தி இந்து', பிடிஐ நிருபர்களை ஒரு வாரத்தில் கிளம்பச் சொன்னது பாகிஸ்தான். இஸ்லாமாபாத்தில் நமக்கு இருந்ததே அந்த இரண்டு பேர்தான். இப்படிப்பட்ட இடத்துக்கு, ராத்திரி பதினோரு மணிக்கு வருகிற மேட்டரை அப்படியே பக்கத்தில் ஏற்றலாம் என்று டெஸ்க் யாரை நம்புகிறதோ அவரைத்தான் அனுப்புவார்கள்.

நான் கொழும்பு நிருபராகப் போன புதிதில், புறக்கோட்டைக் கடைத்தெரு அடைத்துக் கிடந்ததைப் பற்றி ஒரு நீளமான செய்தி அனுப்பினேன். உதவி ஆசிரியர் போன் போட்டு, "அண்ணாச்சி, திருநெல்வேலி வாகையடி முக்குல நின்னு பேப்பர் படிக்கிறவருக்குப் புறக்கோட்டைன்னா என்ன தெரியும்?" என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து முதல் பத்தியை மாற்றி எழுதினேன், எந்தச் சாமான் எந்தக் கடையில், கதவு சாத்தினால் யார் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள் என்று. அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்ததால்தான் அவர் பின்னாளில் செய்தி ஆசிரியரானார். ஊர் திரும்பி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நானும் தினமும் கேட்டது அதைத்தான்.

எட்டயபுரத்துப் பாரதியே 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்கித்தான் தொழில் பழகினார். என். ராம் 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நிருபர். 2003இல் 'தி இந்து'வின் தலைமை ஆசிரியர். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, பாருங்கள்.

பயிற்சிக்கு நம்ம ஊரே போதும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணியைப் பார்த்தே இராத ஒருவருக்கு அது எவ்வளவு என்று முந்நூறு வார்த்தையில் எழுதிப் பாருங்கள், வெளிநாட்டுச் செய்தி என்பது இதைத் திருப்பிப் போட்டதுதான். அப்புறம் சிங்களம் படியுங்கள். கொழும்பில் அரைகுறைச் சிங்களத்தோடு நான் கோட்டைவிட்ட செய்திகள் இன்னும் மனதை அறுக்கின்றன.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சம்பளம் குறைவு, தூக்கம் போகும். இரண்டு வருஷம் தவணை கேளுங்கள். சேர்ந்ததும் செய்தி ஆசிரியரிடம் இரவு ஷிப்டையும் வெளிநாட்டுப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். இரவு ஷிப்டுக்கு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்.