பினோசேயோடு செய்துகொண்ட சமரசம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிலி நாட்டைப் பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாக அடக்கி ஆண்ட அகஸ்தோ பினோசே, எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமலே 2006-இல் இறந்துபோனார். அவரோடு சமரசம் செய்துகொண்ட மக்களாட்சித் தலைவர்களைக் கோழைகள் என்று சொல்லலாமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: 1990-இல் ஆட்சி கைமாறியபோது நடந்ததற்காக அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1988 அக்டோபர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் பினோசே வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆனால், அந்த வாக்கெடுப்பே அவர் 1980-இல் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின்படிதான் நடந்தது. தோற்ற பிறகும் 1998 வரை தரைப்படைத் தளபதியாக அவர் நீடிப்பதற்கும், தேர்தலைச் சந்திக்காத ஒன்பது நியமன உறுப்பினர்கள் செனட்டில் அமர்ந்து எந்தச் சீர்திருத்தத்தையும் முடக்குவதற்கும் முன்கூட்டியே வழி செய்யப்பட்டிருந்தது. பினோசே ஆட்சியைக் கைப்பற்றிய 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரை இழைக்கப்பட்ட குற்றங்களுக்கு இராணுவ அரசு தனக்குத் தானே வழங்கிக்கொண்ட பொதுமன்னிப்பும் அப்படியே உயிரோடு இருந்தது. 1993 மே மாதம், பினோசேயின் மகனுக்கு இராணுவம் கொடுத்த காசோலைகள் பற்றிய விவகாரம் மீண்டும் கிளறப்பட்டபோது, குடியரசுத் தலைவர் வெளிநாட்டில் இருந்த நேரம் பார்த்து, சாந்தியாகோ நகரின் நடுவே போர் உடையில் படைவீரர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட நிலையில்தான் குடியரசுத் தலைவர் பத்ரிசியோ அய்ல்வின் ‘இயன்ற அளவு நீதி’ என்றார். அவர் அமைத்த உண்மை ஆணையம் கொல்லப்பட்டவர்கள், காணாமலாக்கப்பட்டவர்கள் என 2,279 பேரைப் பதிவு செய்தது. குற்றவாளிகளின் பெயர்களை வெளியிடவில்லை. அந்த அறிக்கையை 1991 மார்ச்சில் தொலைக்காட்சியில் வெளியிட்டபோது, அரசின் பெயரால் அய்ல்வின் குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டார். அந்தத் தழுதழுப்பை நான் நம்புகிறேன். ஆனால் எவ்வளவு இயலும் என்பதைக் குற்றம் சாட்டப்பட வேண்டியவரே அன்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஸ்பெயின் நீதிபதி பல்தசார் கார்சோன் பிறப்பித்த ஆணையின் பேரில், 1998 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பினோசே கைது செய்யப்பட்டார். அவரைத் திருப்பி அனுப்பும்படி வாதாடியது சிலியின் மக்களாட்சி அரசு; அந்த வாதத்தை முன்வைத்த அயலுறவு அமைச்சர் இன்சுல்சா, அதே பினோசேயின் ஆட்சியால் பல ஆண்டுகள் நாடு கடந்து வாழ நேர்ந்தவர். எங்கள் மண்ணில் எங்கள் நீதிமன்றமே விசாரிக்கட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. உடல்நலத்தைக் காரணம் காட்டி 2000 மார்ச்சில் பிரிட்டன் அவரை விடுவித்தது. சாந்தியாகோ விமான நிலையத்தில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து, வரவேற்க வந்தவர்களுக்கு அவர் கையசைத்தார். அதன் பிறகு சிலி நீதிபதி ஹுவான் குஸ்மான் அவரை விசாரிக்க எவ்வளவோ முயன்றும், விசாரணையைத் தாங்கும் மனநிலை அவருக்கு இல்லை என்று உயர்மட்ட நீதிமன்றங்கள் அவர்மீதான வழக்கை முடித்து வைத்தன. தாய்நாட்டில் விசாரிப்போம் என்று உலகத்துக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை.

கேள்வி: பழையதைத் தோண்டுவதால் யாருக்கு என்ன பயன்? மறப்போம், மன்னிப்போம் என்பதுதானே பெருந்தன்மை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: ஐயா, முதலில் தோண்டியவர்கள் இராணுவத்தினர். 1973 அக்டோபரில் வடசிலியின் கலாமா நகரில் 26 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் குடும்பத்தாரிடம் தரப்படவில்லை. அந்தக் குடும்பங்களின் பெண்கள் மண்வெட்டியோடு அதகாமா பாலைவனத்தில் ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்தார்கள். 1990-இல் புதைகுழி கிடைத்தபோது உள்ளே இருந்தவை எலும்புத் துண்டுகளும் பற்களும் மட்டுமே. முழு உடல்களை இராணுவம் ஏற்கெனவே தோண்டியெடுத்து அப்புறப்படுத்தியிருந்தது. கணவனின் ஒரு துண்டு எலும்பை மட்டும் கையில் வாங்கிய பெண்ணிடம் போய், மறந்துவிடுங்கள் அம்மா என்று சொல்லும் தகுதி உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்களுக்கும் இல்லை. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் கொடுப்பது. அதுவும் செய்தவன் செய்ததை ஒப்புக்கொண்டு கேட்டால்தான்.

உடலை மறைத்ததே பின்னாளில் குற்றவாளிகளுக்கு வினையாக முடிந்தது. ஆள் கிடைக்காதவரை அது கொலை என்று நிரூபிக்கப்படவில்லை. ஆகவே ஆட்கடத்தல் இன்றும் தொடர்கிறது. தொடரும் குற்றத்துக்கு 1978 மார்ச்சோடு முடிந்த பொதுமன்னிப்பு பொருந்தாது என்று வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். சிலி நீதிமன்றங்கள் அதை ஏற்றன. பினோசேயின் உளவுத்துறைத் தலைவராக இருந்த மனுவேல் கொந்த்ரேராஸ் 2015-இல் இறந்தபோது, அவர்மீது விதிக்கப்பட்ட சிறைத்தண்டனைகளின் கூட்டுத்தொகை 500 ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

கேள்வி: அண்டை நாடான அர்ஜென்டினா மட்டும் தன் சர்வாதிகாரியை எப்படிச் சிறைக்கு அனுப்பியது?
– வாசகர், மதுரை

பதில்: ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனிடம் தோற்று அவமானப்பட்ட அர்ஜென்டினா இராணுவத்துக்குப் பேரம் பேசும் வலிமை இருக்கவில்லை, 1985-இலேயே சர்வாதிகாரி விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அங்கும் அடுத்தடுத்த சட்டங்கள் இராணுவத்தினர் பலரைத் தப்பவிட்டன; 1990-இல் வந்த மன்னிப்பு விதேலாவை வெளியே விட்டது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை என்றது. மீண்டும் தண்டிக்கப்பட்ட விதேலா 2013-இல் சிறையில் இறந்தார்.

சிலியில் காணாமலாக்கப்பட்டவர்களாகக் கணக்கிடப்பட்ட 1,469 பேரில் 307 பேர் மட்டுமே அதுவரை அடையாளம் காணப்பட்டிருந்த நிலையில், 2023 ஆகஸ்டில்தான் அரசே பொறுப்பேற்றுத் தேடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சித்திரவதைக்கு உள்ளானவர்கள் அதற்கென அமைந்த வேறோர் ஆணையத்திடம் கொடுத்த வாக்குமூலங்களை 50 ஆண்டுகள் மூடிவைக்க 2004-இல் இயற்றப்பட்ட சட்டமும் சமரசத்தின் மிச்சமே. வாக்குமூலம் கொடுத்தவர் சம்மதித்தால், அந்தப் பக்கங்கள் தடையின்றி நீதிபதியின் மேசைக்குப் போக வேண்டும். சாட்சிகளும் குற்றவாளிகளும் ஒருசேர முதுமையில் இறந்துகொண்டிருக்கும்போது, அதற்கு 2054 வரை காத்திருக்க முடியாது.