செடியுள்ள மீன்தொட்டி: அவசரம் வேண்டாம்

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறோம். செடியும் பலவகை மீனும் வளர்க்க எப்படித் தொடங்குவது? போர் தண்ணீர், தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் இரண்டும் உண்டு.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சுமார் 250 லிட்டர் பிடிக்கும்; மணலோடு எடை 300 கிலோவைத் தாண்டும், ஸ்டாண்டு உறுதியாக இருக்கட்டும். ஆற்றுத் தண்ணீரே நல்லது, குளோரின் நீக்கும் மருந்து சேர்த்து ஊற்றுங்கள். மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு, வேண்டாம்.

வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரின் இரண்டையும் மணலில் நடலாம். ஜாவா ஃபெர்னைக் கட்டையில் கட்டுங்கள். அதன் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். விளக்கு 6 மணி நேரம் போதும், கூடினால் பாசிதான்.

மீனுக்கு 4 முதல் 6 வாரம் பொறுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா பெருகுமுன் மீன் விட்டால், அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே அதைக் கொல்லும். தண்ணீர்ச் சோதனையில் அம்மோனியா, அதிலிருந்து உருவாகும் இன்னொரு நஞ்சான நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகு, 8 ஹார்லெக்குவின் ரஸ்போரா மட்டும் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் 7. பிறகு 6 ஸ்டெர்பாய் கோரிடோராஸ். கடைசியாக முத்து கௌராமி, ஆண் ஒன்று, பெண் இரண்டு. டைகர் பார்ப் வேண்டவே வேண்டாம், கௌராமியின் மீசையைக் கடிக்கும்.

நம்மூர் மே மாத வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். மூடியைத் திறந்து சின்ன விசிறி வையுங்கள்; 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.