கேட்டதற்கு மட்டும் பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ருவாண்டா பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். 1994-ல் அங்கே நடந்த இனப்படுகொலையில் நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. பக்கத்து நாடான தான்சானியாவின் அருஷாவில் அமைத்த நீதிமன்றம் தண்டித்தது 60 சொச்சம் பேரைத்தான். ஊர்மக்களே நடத்திய கச்சாச்சா மன்றங்களோ வக்கீல் இல்லாமலே லட்சக்கணக்கான வழக்குகளை முடித்துவிட்டன. இரண்டில் எது நீதி? அருஷாவில் நீதிபதியாக இருந்த நவநீதம் பிள்ளை நம் தமிழ்ப் பெண் என்பதில் பெருமைப்படுகிறேன்.

செந்தில், ராசிபுரம்

அன்புள்ள செந்தில்,

பெருமையை முதலில் ஓரமாக வையுங்கள். டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்து, நிறவெறி ஆட்சிக்குள்ளேயே வக்கீல் தொழில் செய்து மேலே வந்தவர் அவர். அதில் உங்களுக்கும் எனக்கும் என்ன பங்கு?

ஆனாலும் அந்தப் பெயரை எழுதினீர்களே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக அவர் அமர்ந்த ஒரு வழக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாபா என்ற ஊரின் மேயர் அக்கயேசு மீதான வழக்கு. 1997 தொடக்கத்தில் விசாரணை ஆரம்பித்தபோது குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, பாலியல் வல்லுறவு இல்லை. ‘ஜே’ என்ற எழுத்தால் மட்டும் அழைக்கப்பட்ட ஒரு சாட்சி, ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நடந்ததைத் தானாகச் சொன்னார். நீதிபதிகள் அவரை நிறுத்தவில்லை, மேலே கேட்டார்கள். அந்த மூன்று நீதிபதிகளில் நவநீதம் பிள்ளை மட்டும்தான் பெண். பிறகு இன்னொரு பெண்ணும் சொன்னார். ஜூனில் குற்றப்பத்திரிகையே திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வல்லுறவும் இனப்படுகொலையாகலாம் என்று முதன்முறையாகச் சொன்னது.

என் பெரியம்மா ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனபோது துணைக்குப் போனேன். வாய்தா வாய்தாவாக அலைந்து, ஒருவழியாகக் கூண்டேறி வாயைத் திறந்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா” என்று வக்கீல் ஒரு அதட்டல். திரும்பும்போது பஸ்ஸில், “நான் சொல்ல வந்ததை யாருமே கேக்கலடா” என்றார். அன்றிலிருந்து எந்த நீதிமன்றமானாலும் எத்தனை பேரைத் தண்டித்தார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. சாட்சி சொல்ல வந்ததைச் சொல்ல விட்டார்களா?

அதற்காக அருஷாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். அங்கே காவலில் இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. மருந்து கிடைத்தது. வல்லுறவால் அதே நோய் தொற்றிய பெண்கள் சாட்சி சொல்லிவிட்டு மருந்தில்லாத ஊருக்குத் திரும்பினார்கள். உங்கள் கணக்கில் இந்தப் பெண்கள் எங்கே வருகிறார்கள், செந்தில்?

கச்சாச்சாவில் வக்கீல் இல்லை என்கிறீர்கள். லட்சத்துக்கு மேற்பட்டோர் சிறையில் நெரிபட்டுக் கிடந்த நாட்டில் அத்தனை வக்கீலுக்கு எங்கே போவது? அதை விடுங்கள். இன்று ஆளும் தரப்பின் படை அன்று செய்த கொலைகள் அங்கே விசாரணைக்கே வரவில்லை. அது சின்ன ஓட்டை அல்ல. என்னை உறுத்துவது வேறு. 2008-ல் வல்லுறவு வழக்குகளையும் அங்கே மாற்றினார்கள். விசாரணை மூடிய அறையில்தான். ஆனால் நீதிபதி ஊர்க்காரர். மறுநாள் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவள் எவ்வளவு சொல்வாள்?

எது நீதி என்று ஒற்றை வரியில் என்னால் சொல்ல முடியாது. அக்கயேசு தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. சாட்சியங்கள் வரும் பகுதியையாவது உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.