அம்மா அப்பாவோடு பாரிஸில் ஐந்து இரவு: அறை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தம்பி, ஜேர்மனியில் ஸ்ருட்கார்ட்டுக்கு வந்து ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் நோ, மூன்று பேருமாக ரயிலில் பாரிஸ் வந்து ஐந்து இரவு தங்க யோசனை. 70 யூரோவுக்கும் அறை இருக்கிறது, 200 யூரோவுக்கும் இருக்கிறது, எதை நம்புவது, தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பக்கமே எடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

அந்த முழங்காலை முன்னுக்கு வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். பாரிஸின் நிலக்கீழ் ரயிலான மெத்ரோவில் தொடக்கம் முதல் கடைசி வரை லிஃப்ற் உள்ளது 14ஆம் இலக்கம் ஒன்றில்தான். மற்றவற்றில் பெரும்பாலான நிலையங்களில் படிதான். ஓரிடத்தில் நகரும் படி இருக்கும், அது முடிந்ததும் இன்னும் பதினைந்து படி சும்மா நிற்கும். ஆகவே மெத்ரோவுக்குப் பக்கத்தில் அறை தேடாமல், நல்ல பஸ் ஒன்றின் வழியில் தேடுங்கள். பஸ் தரையோடு தாழ்ந்து நிற்கும், பெட்டியோடு ஏறலாம், அம்மா வெளியையும் பார்த்துக்கொண்டு வருவா.

உங்கள் ரயில் வந்து நிற்பது கார் து லெஸ்ற் நிலையத்தில். அதன் வாசலால் 38ஆம் இலக்க பஸ் போகிறது. தெற்கே ஷத்லே, நோத்ர் டாம் தேவாலயம் இருக்கிற தீவு, சென் மிஷேல், லுக்சம்பூர் பூங்கா, டொன்ஃபேர் ரொஷ்ரோ என்று நகரத்தை நடுவால் அறுத்துக்கொண்டு போகும். வடக்கே கார் து நோர் ரயில் நிலையம் போகும், அங்கே இறங்கினால் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு. எனக்கென்றால் லுக்சம்பூருக்கும் டொன்ஃபேருக்கும் இடைப்பட்ட பகுதியில், 38 நிற்கும் தரிப்பிடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் எடுக்கச் சொல்வேன். லுக்சம்பூரிலிருந்து 82ஆம் இலக்க பஸ் ஈபிள் கோபுரப் பக்கம் போகிறது. தாய் தகப்பனை விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டி வந்தாலும் லுக்சம்பூர், டொன்ஃபேர் இரண்டிலிருந்தும் ஆர்.இ.ஆர். பி என்ற ரயில் நேராக ஷார்ல் து கோல் விமான நிலையம் போகும். 2025இல் பஸ் ரிக்கற் 2 யூரோ, மெத்ரோ 2.50, விமான நிலைய ரிக்கற் 13. வருடாவருடம் கூட்டுகிறார்கள்.

லாச்சப்பல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபோபூர் சென் தெனி வீதியில் இடியப்பமும் தோசையும் மரக்கறியும் வாங்கலாம், பஜோல் வீதிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வந்தால் தேரும் பார்க்கக் கிடைக்கும், திகதியைக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கார் து நோரைச் சுற்றி இரவில் சனநெருக்கமும் சத்தமும் கூட, பொக்கற் அடிப்பவர்களும் உண்டு. பகலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு நல்ல இடம், பெட்டியும் வயதானவர்களுமாய் இரவு பதினொன்றுக்கு நடப்பதற்கு அவ்வளவு நல்லதல்ல. அங்கே எடுப்பதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: கார் து லெஸ்ற்றிலிருந்து கார் து நோருக்குப் பக்கம்தானே என்று கைப்பேசி காட்டும் குறுக்கு வழி அல்சாஸ் வீதியில் பெரிய படிக்கட்டில் கொண்டுபோய் விடும். மஜெந்தா பெருந்தெருவால் சுற்றிப் போங்கள்.

முகவரியைப் பார்க்கும்போது ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், தபால் இலக்கத்தைப் பாருங்கள். நகருக்குள் இருப்பவை எல்லாம் 75இல் தொடங்கும், கடைசி இரண்டு எண்ணும் வட்டாரம்: 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம், 75014 என்றால் பதினான்கு. பெயரில் பாரிஸ் என்று போட்டு இலக்கம் 93, 95 என்று தொடங்கினால் அது புறநகர். 70 யூரோ அறைகளில் நிறைய இப்படித்தான். பெயரில் மொன்மார்த்ர் என்று இருந்தால் மேடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அபெஸ் மெத்ரோ நிலையம் நிலத்துக்குக் கீழே 36 மீற்றர்.

இனி அறை. பிரான்சில் நட்சத்திரம் என்பது பெரும்பாலும் வசதிகளின் கணக்கு, அமைதிக்குக் கொடுக்கும் சான்று அல்ல. இரண்டு நட்சத்திரத்தில் இருவர் அறைக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு குளியலறை நீங்கலாக 9 சதுர மீற்றர். கட்டிலைப் போட்டு இரண்டு பெட்டியைத் திறந்து வைத்தால் கால் வைக்க இடமில்லை. கட்டிலும் பெரும்பாலும் 140 சென்ரிமீற்றர் அகலம்தான், ஊரில் ஐந்தடிக் கட்டிலில் படுத்தவர்களுக்கு நெருக்கும். அம்மா அப்பாவுக்குத் தனித்தனிக் கட்டில் வேண்டுமென்றால் ‘து லி’ என்று கேட்க வேண்டும், ‘கிரோன் லி’ என்றால் ஒரே கட்டில். மூவர் அறை என்று விற்பதில் மூன்றாவது கட்டில் பல இடங்களில் மடக்குக் கட்டில். விலை வித்தியாசம் சிறிதென்றால் இரண்டு அறையாக எடுப்பது நல்லது.

‘லிஃப்ற் உண்டு’ என்ற வரியோடு நிற்காதீர்கள். பழைய கட்டடங்களில் வாசலிலிருந்து லிஃப்ற் வரைக்குமே ஆறேழு படி இருக்கும். சிலவற்றில் லிஃப்ற் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நிற்கும், அங்கிருந்து அரைத்தட்டு ஏறவோ இறங்கவோ வேண்டும். உள்ளே ஒரு ஆளும் ஒரு பெட்டியும்தான் கொள்ளும். ஆகவே ஹொட்டேலுக்கு நேரே மின்னஞ்சல் போட்டு இவற்றைக் கேளுங்கள்: தெருவாசலிலிருந்து அறைக்கதவு வரை மொத்தம் எத்தனை படி, குளியலறையில் தொட்டியா அல்லது நின்று குளிக்கும் ‘தூஷ்’ஷா, ஏசி இருக்கிறதா, அறை தெருப்பக்கமா உள்முற்றப் பக்கமா. தொட்டி என்றால் அதன் விளிம்பு முழங்கால் உயரம், அம்மா காலைத் தூக்கி உள்ளே வைப்பது கஷ்டம், ஈரத்தில் சறுக்கவும் கூடும். உள்முற்றம், அதாவது ‘சூர் கூர்’, வெளிச்சம் குறைவு, ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்டு நித்திரை கொள்ளலாம்.

ஏசியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், 2019 ஜூலை 25இல் பாரிஸில் 42.6 பாகை பதிவானது. இங்கே கட்டடங்களின் கூரை பெரும்பாலும் துத்தநாகத் தகடு, அதற்கு நேர்கீழே இருக்கும் கடைசி மாடி அறை பகல் முழுதும் சூடேறி இரவில்தான் அதை விடும். ‘கூரைகளைப் பார்க்கும் அழகிய காட்சி’ என்று விளம்பரத்தில் இருந்தால் அது அந்த அறைதான். ஆகஸ்ட்டில் ஏசி இல்லாவிட்டால் இரண்டாம், மூன்றாம் மாடியைக் கேளுங்கள்.

நேரே எழுதுவதில் இன்னொரு இலாபமும் உண்டு. முன்பு அறை பதியும் இணையத் தளங்கள் தங்கள் விலையைவிடக் குறைத்து விற்கக் கூடாது என்று ஹொட்டேல்களைக் கட்டிப்போட்டிருந்தன, 2015இல் பிரெஞ்சுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. தளத்தில் பார்த்த விலையைச் சொல்லி, நேரே எடுத்தால் என்ன விலை என்று மரியாதையாகக் கேளுங்கள். குறைக்காவிட்டாலும் காலைச் சாப்பாட்டைச் சேர்த்துத் தருவதுண்டு. முற்பணம் கேட்டால் அது ‘ஆர்’ரா ‘அக்கோந்’தா என்று பாருங்கள். ‘ஆர்’ என்றால் நீங்கள் விலகினால் அந்தக் காசு போகும், அவர்கள் விலகினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். ‘அக்கோந்’ என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று, நீங்கள் விலகினால் அவர்கள் முழுத்தொகையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதைப் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை திகதி குறித்த ஹொட்டேல் பதிவுக்கு இல்லை. விசா கையில் கிடைக்கும்வரை இலவசமாக விலகக்கூடிய பதிவையே வைத்திருங்கள், பத்துப் பதினைந்து யூரோ கூடினாலும் பரவாயில்லை.

விலையோடு நகர வரியும் சேரும். அது ஆளுக்கு, இரவுக்கு. 2024இல் இரண்டு நட்சத்திரத்துக்கு 3.25, மூன்று நட்சத்திரத்துக்கு 5.20 யூரோ. அந்தக் கணக்கில் மூன்று பேர், ஐந்து இரவு, மூன்று நட்சத்திரம் என்றால் 78 யூரோ. பல தளங்கள் முதல் பக்கத்து விலையில் இதைக் காட்டாது.

சமையலறையோடு வீடு எடுக்க விருப்பம் என்றால், விளம்பரத்தில் நகரசபைப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த வீட்டை வருடத்தில் 90 நாளுக்கு மேல் இப்படி விட முடியாது, 2025 முதல் அதுதான் சட்டம். எண் இல்லாத வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுவிடக்கூடும். ஹொட்டேலில் பெரும்பாலும் கேத்தல் இருக்காது, அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாயும் இராது, ஒரு பிளாஸ்ரிக் கோப்பை கொண்டு வாருங்கள். மூவரின் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும், வெளிநாட்டவர்களுக்குப் பொலிஸ் படிவம் நிரப்ப வேண்டும்.

அறைக்குள் போனதும் பெட்டிகளைக் கட்டிலிலோ கம்பளத்திலோ வைக்காமல் குளியலறைத் தரையில் வையுங்கள். பிறகு தலைமாட்டு மூலையில் விரிப்பைக் கழற்றி, மெத்தையின் தையல் ஓரத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் விரலால் விலக்கிப் பாருங்கள். பேனா மையால் குத்தினதுபோலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். பூச்சி அப்பிள் விதையளவு, தட்டையாக, மண்ணிறமாக இருக்கும். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் பாருங்கள். கண்டால் படம் எடுத்து வரவேற்பு மேசையில் காட்டி வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறையையோ நேர் மேலே, கீழே உள்ளதையோ தந்தால் வாங்காதீர்கள், பூச்சி சுவரோரத்தாலும் குழாயோரத்தாலும் அங்கேயும் போயிருக்கும்.