பழைய எம்.பி.எஃப்.ஐ. காரில் கரும்புகை, சூட்டில் ஸ்டார்ட் ஆகாத சிக்கல்: ஈசியூவை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் 2002-ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. கார்) காலையில் உடனே கிளம்புகிறது. எஞ்சின் சூடான பின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது. கரும்புகை வருகிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, ஸ்கேனரில் கோளாறைக் குறிக்கும் கோடு (code) எதுவும் இல்லை, எனவே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது மாற்றாதீர்கள்.

ஈசியூ தனக்கு வரும் தகவலை நம்பித்தான் பெட்ரோலைக் கணக்கிடுகிறது. எஞ்சின் 85 டிகிரியில் இருக்கும்போது கூலன்ட் சென்சார் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது) 20 டிகிரி என்று சொன்னால், அதுவும் நடக்கக்கூடிய வெப்பநிலைதான் என்பதால், பல பழைய ஈசியூக்கள் கோடு எதையும் பதியாமல் பெட்ரோலை மட்டும் கூட்டிவிடும். கோடு இல்லை என்பதற்கு வயர் அறுந்துபோகவில்லை என்று பொருளே தவிர, சென்சார் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. பழைய வண்டிகளில் பலர் ஏமாறும் இடம் இதுதான்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாய்) உள்ள, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது. உங்கள் எல்லா அறிகுறிகளுக்கும் அது ஒன்றே போதும். ஈரம் இல்லையென்றால் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். இவ்வகை எஞ்சின்களில் பொதுவாக அழுத்தம் இரண்டரை முதல் மூன்று பார் (bar, அழுத்த அலகு) வரை இருக்கும். ஐடிலில் ஏறக்குறைய அரை பார் குறையும், ஹோஸைக் கழற்றினால் மீண்டும் ஏறும். நிறுத்திய பின்னும் சில நிமிடங்களாவது அழுத்தம் நிற்க வேண்டும். உடனே விழுந்தால் பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுப்பது), ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். அப்போது பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரையும், நான்கும் கறுத்திருந்தால் அழுத்தத்தையோ சென்சாரையோ சந்தேகிக்கலாம். கேஜ் மாட்டுவதற்கு முன் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடித்தால் தீப்பிடிக்கும்.

அடுத்தது கூலன்ட் சென்சார். மல்டிமீட்டரில் 20 டிகிரியில் இரண்டு முதல் மூன்று கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம் காட்ட வேண்டும். சென்சாரில் மட்டும் அளந்தால் போதாது. கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அந்தக் கூடுதல் மின்தடையை ஈசியூ குளிர் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகையால் ஈசியூ பக்கத்து கனெக்டரிலும் அளக்க வேண்டும். டாஷ்போர்டு மீட்டருக்குத் தனியாக உள்ள ஒற்றை வயர் சென்சாரை மாற்றிவிட்டு, எஞ்சின் சென்சாரை மாற்றியதாக நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ரப்பர் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். அதில் விரிசல் இருந்தால் மேனிஃபோல்டில் அழுத்தம் அதிகம் என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டும்.

இவை யாவும் சரியாக இருந்தால், எர்த் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு, அதே மாடல் வண்டியின் ஈசியூ ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.