வாயைத் திறக்காத பாதிரியார்

கே: கொலைப் பழியோடு கூண்டில் நிற்கும் பாதிரியாருக்கு நிஜக் கொலையாளி யாரென்று தெரியும். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைப் பாதிரியாரிடம் ரகசியமாகச் சொல்லும் சடங்கில், கேட்டதைச் சொல்ல மாட்டார். நாவல்களில் வரும் இந்த முடிச்சு நம்பும்படி இல்லையே?

ப: நம்பலாம். 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை, இந்த ரகசியத்தை உடைக்கும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுக்கத் தவம் செய்ய மடத்தில் அடைக்கச் சொன்னது. கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய சட்டத் தொகுப்பில் 983-ஆம் விதி, எந்தக் காரணத்துக்காகவும் எந்த விதத்திலும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது. ஜாடை காட்டினாலும் குற்றம்தான். அதனால் தனக்காக வாதாடும் வக்கீலிடம்கூட அவர் சொல்ல முடியாது. வக்கீல் ராத்திரியெல்லாம் கட்டுக்காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்க, விடை தெரிந்தவர் எதிரிலேயே பேசாமல் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதைகளில் என் மனதை மிகவும் பிசைவது அந்த இடம்தான். குறுக்கு விசாரணையெல்லாம் அப்புறம்.

நிஜ நீதிமன்றத்திலும் இது வந்திருக்கிறது. 1813, நியூயார்க். ஒருவரிடம் திருட்டுப் போன பொருட்கள் அந்தோனி கோல்மன் என்ற பாதிரியார் மூலமாகத் திரும்பி வந்தன. கொடுத்தது யார் என்று நீதிமன்றம் கேட்டது. உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்றார். நகர மேயர் டிவிட் கிளின்டன் தலைமையில் இருந்த அந்த நீதிமன்றம், அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 1828-ல் அந்த மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது.

கே: கதைகளில் பாதிரியார் எப்போதும் நிரபராதிதானா?

ப: கதையில் பெரும்பாலும் அப்படித்தான். நிஜத்தில் ஹான்ஸ் ஷ்மிட் என்ற பாதிரியார் இருக்கிறார். 1913-ல் அன்னா ஔமுல்லர் என்ற இளம்பெண்ணின் உடல் துண்டுகள் ஹட்சன் ஆற்றில் கிடைத்தன. அவற்றோடு இருந்த தலையணையின் தயாரிப்பாளர் முத்திரையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் கடை கடையாக விசாரித்துப் போனது. அந்தத் தடம் நியூயார்க்கில் பூசை வைத்துக்கொண்டிருந்த ஷ்மிட்டிடம் கொண்டுபோய் விட்டது. தனக்குப் புத்தி சரியில்லை என்று வாதாடினார். முதல் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது ஜூரி குற்றவாளி என்றது. 1916-ல் சிங் சிங் சிறையில் மின்சார நாற்காலி. அங்கி போட்டவர் என்பதற்காக அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தை யாரும் குறைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது முக்கியம்.

கே: கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் தானாக எழுந்து உண்மையைக் கத்துவது?

ப: எனக்குப் பிடிக்காது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யட்டும். பாதிரியார் அடுத்த ஞாயிறு பூசைக்கு வரட்டும். முதல் வரிசையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எழுத்தாளர் எழுதட்டும்.