உறையில் 7572, தேநீரில் கவிச்சி

கேள்வி: இணையவழியில் ‘ஷூ’ வகைப் பூ-அர் தேயிலை (நொதிக்க வைத்துக் கருமையாக்கிய சீனத் தேயிலை) அழுத்திய வட்டு ஒன்றை வாங்கினேன். உறையில் 7572 என்ற எண் இருப்பதால் அது 1975ஆம் ஆண்டுச் சரக்கு என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். ஆனால் தேநீரில் மீன் கவிச்சி போன்ற வாடை வருகிறது. சரக்கு கெட்டுவிட்டதா? இதை எப்படித் தயாரிக்க வேண்டும்?

பதில்: அந்த எண் தேயிலையின் வயதைச் சொல்வதில்லை. முதல் இரண்டு இலக்கங்கள் அக்கலவை முறை வகுக்கப்பட்ட ஆண்டையும், மூன்றாவது இலையின் தரத்தையும், நான்காவது ஆலையையும் குறிக்கின்றன. 1 என்றால் குன்மிங், 2 என்றால் மெங்ஹாய், 3 என்றால் சியாகுவான். சென்ற ஆண்டு அழுத்திய வட்டிலும் 7572 என்றே இருக்கலாம் என்பதால், உறையில் தயாரிப்புத் தேதி தனியாக அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக் குறிப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பொய்யான விவரத்தைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 1975 என்று நம்பித் தந்த விலை நிச்சயமாக அதிகம்.

வாடைக்கு வருவோம். பூ-அரில் ஷெங் எனப்படும் பச்சை வகை, அதாவது விரைந்து நொதிக்க வைக்காதது, பல ஆண்டுகள் கிடந்து மெல்ல முதிரும். அந்த நிறத்தையும் மென்மையையும் விரைவில் பெறுவதற்காக, 1973இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தின் குன்மிங் ஆலையில், தேயிலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடிவைத்து, அவ்வப்போது கிளறி நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்யும் முறையை உருவாக்கினார்கள்; அப்படிச் செய்வதே உங்களிடமுள்ள ஷூ வகை. ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை நடக்கும் அந்த நொதித்தலின் மிச்சமே உங்கள் மூக்கில் படும் கவிச்சி. காற்றுப் பட்டுச் சில ஆண்டுகள் இருந்தால் அது அடங்கி, ஈரமண், பழைய மரம், கற்பூரம், உலர்ந்த இலந்தைப்பழம் போன்ற வாசங்கள் மேலெழும். ஆகவே கவிச்சி இருப்பதனாலேயே கெட்டது என்று சொல்ல முடியாது; பழையது என்ற பேச்சைத்தான் அது ஐயத்துக்குள்ளாக்குகிறது. வட்டின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தால் மட்டும், விலையை எண்ணாமல் எறிந்துவிடுங்கள்.

வட்டின் ஓரத்திலிருந்து, தூளாக்காமல், ஆறு கிராம் அளவுக்குப் பெயர்த்தெடுத்து, 100 மில்லிலிட்டர் கொள்ளும் மூடியுள்ள கிண்ணத்தில் இடுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றி உடனே வடித்துக் கொட்டுங்கள்; உங்கள் வட்டுக்கு இந்தக் கழுவலை இருமுறை செய்வது நல்லது. பிறகு கொதிநீர் ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துக் குடிக்கலாம். ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சற்றே கூட்டினால், அதே இலை ஏழெட்டு முறைகூடத் தாங்கும். நீர் கருஞ்சிவப்பாக இருந்தாலும் கலங்காமல் தெளிந்திருக்க வேண்டும். (ஹாங்காங் உணவகங்களில் இதனுடன் செவ்வந்திப்பூ சேர்ப்பார்கள், மண்வாசம் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல வழி.)

பணம் திரும்பக் கிடைக்காவிட்டால், வட்டை உதிர்த்து, மசாலா வாசம் எட்டாத இடத்தில், மண் சாடியில் தளர மூடி இரண்டு வாரம் வைத்திருந்து, மறுபடியும் ஊற்றிப் பாருங்கள்.